வலி மிகா இடம்

ஸ்விஃப்ட் கரண்ட் நூலகத்தில்
தமிழுக்கு ஒரு தட்டு.
அரைத் தட்டு என்பதே சரி;
மீதிப் பாதியில் உக்ரேனியச் சமையல்.
நாற்பத்தொரு புத்தகம். நான்தான் சேர்த்தேன்,
டொரன்டோ போய்வருகிறவர்களின் பெட்டி ஓரங்களில்.
பகலில் என் தொழில்
கொழும்புக்குக் கப்பலேறும் பருப்பின் ஈரம் அளப்பது.
மாலையில் அட்டை வெட்டி, எழுதி, ஒட்டினேன்:
தமிழ் புத்தகங்கள்.

மறு செவ்வாய் பார்த்தால்
இரண்டு சொல்லுக்கும் நடுவே
பென்சிலால், மெல்லிசாய், ஒரு ப்.

டார்லீன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
மருந்துக்கடைக்குப் புதிதாக வந்தவனாம்.
மயூரதன்.
ஒன்பது பனிக்காலமாக இந்த ஊரில்
என்னைத் திருத்த ஆளில்லாமல் இருந்தது.
அழித்துப் பார்த்தேன். பிழை என்னுடையதுதான்.
திரும்ப நானே பேனையால் எழுதினேன்,
அவன் எழுதியதைவிடப் பெரிதாக.

பிறகு நான் எடுத்ததற்கெல்லாம் அவன் முன்பதிவு போட்டான்.
அவன் எடுத்ததற்கு நான்.
தவணை நீட்ட வழியில்லாமல்
விழுந்து விழுந்து வாசித்தோம்.
தட்டு தீர்ந்ததும் சாஸ்கட்டூனிலிருந்து வரவழைத்தோம்.
டார்லீன் மேசை நாட்காட்டியில் கோடு போட்டாள்:
மார்ச்சில் அவன் இருபத்தாறு, நான் இருபத்துமூன்று.
தடித்த நாவல்களெல்லாம் என் பக்கம் என்பது
கணக்கில் வரவில்லை.

அடுத்த பனிக்கு
மருந்துக்கடைக் கண்ணாடியில் ஓர் அறிவித்தல்,
ஊரின் நாலு தமிழ்க் குடும்பத்துக்கும்,
அவன் கையெழுத்தில்:
காய்ச்சல் வந்தப் பிள்ளைகள்…
வந்தப்!
வாசலிலே நின்று சிரித்தேன், மூச்சு வெள்ளையாய் எழ.
உள்ளே போய், தேவையில்லாத இருமல் மருந்து ஒன்று வாங்கி,
மீதிக் காசை எண்ணிக்கொண்டே சொன்னேன்:
"பெயரெச்சத்துக்குப் பின்னால் வலி மிகாது."
அவன் காது சிவந்தது.
அந்தச் சிவப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
ஏனென்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் பனி. சைபருக்குக் கீழே முப்பத்தாறு.
நூலகம் பூட்டியாயிற்று. என் கார் முனகி அடங்கிற்று.
அவன் தன் காரை மூக்கோடு மூக்காய் நிறுத்தினான்.
சிவப்பு வயர், கறுப்பு வயர்.
பற்றரி ஏறும்வரை அவன் காருக்குள் இருந்தோம்,
சண்டைக்கு ஒரு விதி தேடி.
"இரண்டு உயிர் நேராக ஒட்டாது," என்றான்.
"நடுவில் ஒரு மெய் வேணும்.
உடம்படுமெய்."
"ஏழாம் வகுப்புப் பகிடி," என்றேன்.
அதன்பிறகு ஹீற்றர் மட்டும் கதைத்தது.
கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்;
நக இடுக்கில் மாத்திரைத் தூள்.
என் கார் எப்போதோ தயாராகியிருந்தது.

ஏப்ரலில் அவனுக்கு
ரெஜைனாவில் பெரிய வேலையாம்.
டார்லீன் சொன்னாள், என்னைப் பார்த்தல்ல,
திகதி முத்திரையைப் பார்த்து.
நிலைமொழி, வருமொழி என்று படித்திருக்கிறோம்.
வருமொழி எழும்பிப் போனால்
நின்ற சொல்லுக்கு என்ன நடக்குமென்று
எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

அன்றிரவு பழைய அட்டையை உரித்தேன்.
புதிது வெட்டி, அடிமட்டம் வைத்து,
நல்ல கறுப்பு மையில் எழுதினேன்:
தமிழ் புத்தகங்கள்.

சனிக்கிழமை வந்தான், மூன்று புத்தகம் திருப்பித் தர.
தட்டின் முன்னால் நின்றான். நெடுநேரம்.
நான் பக்கத்துத் தட்டில்
பீற்றூட் சூப் செய்முறையை
இரண்டாம் முறையும் வாசித்தேன், ஓரெழுத்தும் தெரியாமல்.

"ப் விட்டுப்போச்சு."
"ஓம்."
"உங்களுக்கு விடாதே."
"விடாது."

தானிய ரயில் வந்தது.
எங்கள் ஊரில் அது வந்தால்
நூறு பெட்டியும் போய் முடியும்வரை
யாரும் எதுவும் சொல்ல முடியாது.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
நான் விட்டிருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றோம்;
ஓரெழுத்துக்கு அளவான இடம்,
மேலே புள்ளிக்கும் சேர்த்து.

சட்டைப் பையில் அவன் பென்சில். தொட்டான், எடுக்கவில்லை.
கடைசிப் பெட்டி போனதும் கேட்டான்:
"பென்சிலாலா, பேனையாலா?"

மூடியைக் கழற்றி நீட்டினேன்.